ஏற்றத்தைத் தவணையில் ஏறுவது

நெல்லைச் சீமையில் சைக்கிள் மிதிக்கத் தெரியாதவர்கள் குறைவு. ஏற்றம் வந்ததும் இறங்கி உருட்டாதவர்களும் குறைவு. திருநெல்வேலி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. வயலும் குளமும் தேரியுமாகக் கிடக்கும் சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் நாம். ஆனால் வானம் தெளிந்த காலையில் மேற்கே பார்த்தால் மலை சுவர்போல நிற்கும். அதில் 1,868 மீட்டர் உயரத்துக்கு அகத்தியமலையும் அடக்கம். சைக்கிளிலேயே இரண்டு மூன்று மணி நேரத்தில் அதன் அடிவாரத்தைத் தொட்டுவிடலாம். உடம்பைத் தேற்ற சைக்கிள் எடுப்பவருக்கு இப்படி ஒரு வசதி எல்லா ஊரிலும் கிடைக்காது.

முதல்முறை ஏற்றம் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தோற்கிறார்கள். அடிவாரத்தில் வேகம் எடுத்து, அந்த வேகத்திலேயே மேலே போய்விடலாம் என்று பார்க்கிறார்கள். முந்நூறு மீட்டர் தாண்டுமுன் தொடை எரிகிறது, மூச்சு திணறுகிறது, இறங்கி நிற்கிறார்கள். "எனக்கு வயசாயிட்டு, நமக்கு இது சரிப்படாது" என்ற முடிவுக்கும் அங்கேயே வந்துவிடுகிறார்கள். காலில் வலு இல்லை என்பது இதற்கு அரிதாகத்தான் காரணம். ஏற்றம் என்பது ஒரு கடன், அதைத் தவணை தவணையாக அடைக்க வேண்டும். இவர்கள் முதல் மாதமே மொத்தத்தையும் கட்டப் பார்க்கிறார்கள். தவணையை எப்படிச் சிறிதாக்குவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சரிவு. சாலை எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்பதைச் சதவீதத்தில் சொல்வார்கள். 100 மீட்டர் தூரம் முன்னே போகும்போது 5 மீட்டர் மேலே ஏறினால் அது 5 சதவீதச் சரிவு. கேட்க அற்பமாகத் தெரியும். காரில் போனால் 5 சதவீதத்தை நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். சைக்கிளிலோ 2 சதவீதமே தெரியும், 4 சதவீதத்தில் பேச்சு குறையும், 8 சதவீதத்தில் பேச்சு நின்றுவிடும், 10-க்கு மேல் போனால் சாமி பெயர் மட்டும்தான் வரும்.

நம் நாட்டில் நெடுஞ்சாலை அமைப்பவர்களுக்கு இதில் விதிமுறை உண்டு. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் 'இந்தியச் சாலைகள் காங்கிரஸ்' என்ற அமைப்பின் வரையறைப்படி, சமவெளிச் சாலையின் சரிவு வழக்கமாக 3.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மலைப்பகுதியில் 5, மிகச் செங்குத்தான பகுதியில் 6 சதவீதம். வேறு வழியே இல்லாத சிறு துண்டுகளில் 7, 8 வரை போகலாம். கொண்டை ஊசி வளைவுக்குள் 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் இருக்கிறது. இது லாரிக்காகவும் பேருந்துக்காகவும் வகுத்தது என்றாலும் நமக்கு இதில் நல்ல செய்தி இருக்கிறது: முறையாகப் போட்ட மலைச்சாலையில் வளைவுதான் மூச்சு வாங்கும் இடம். வளைவைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, அடுத்த வளைவு எப்போது வரும் என்று காத்திருக்கலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் சாலையின் உள்விளிம்பு மற்ற இடத்தைவிடச் செங்குத்தாக இருக்கும். முன்னும் பின்னும் வண்டி இல்லை என்று உறுதியானால், விளிம்பிலிருந்து கொஞ்சம் விலகி ஏறுங்கள். எஸ்டேட் பாதை, கோயில் பாதை, கிராமத்துச் சாலை ஆகியவற்றில் இந்த விதிகளை எதிர்பார்க்க முடியாது. அவை மலை விட்ட வழியில் போகும்.

கண்ணுக்குத் தெரியாத ஏற்றமும் உண்டு. திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அந்தத் தூரம் முழுவதிலும் சேர்த்து நூறு மீட்டர் போல ஏறுகிறோம். யாரும் அதை ஏற்றம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் போகும்போது 'இன்னிக்குச் சரியா மிதிக்க வரலியே' என்றும், திரும்பும்போது 'நம்ம ஃபிட்னஸ் பரவாயில்லையே' என்றும் தோன்றுவதில் இந்தச் சரிவுக்கும் ஒரு பங்கு உண்டு. காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி கொஞ்சம் கணக்கு. சமதளத்தில் சைக்கிளைத் தடுப்பது பெரும்பாலும் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றை எதிர்க்கத் தேவையான ஆற்றல் எட்டு மடங்காகிறது. ஏற்றத்தில் கதை வேறு. அங்கே எதிரி புவியீர்ப்பு. அதற்குக் கொடுக்க வேண்டியது வேகத்துக்கு நேர்விகிதத்தில்தான் கூடும், குறையும். வேகத்தைப் பாதியாக்கினால் சுமையும் பாதியாகிவிடும்.

60 கிலோ எடையுள்ள ஒருவர், 12 கிலோ சைக்கிள் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போக அவருக்கு 115 வாட் அளவுக்கு ஆற்றல் வேண்டும். அதே 115 வாட்டில் அவர் சமதளத்தில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போயிருப்பார். ஆக, ஏற்றத்தில் 10 கிலோமீட்டரில் ஊர்கிறவர் சோம்பேறி அல்ல, நெடுஞ்சாலையில் 25-ல் விரட்டுகிறவருக்குச் சமமாக உழைக்கிறார். வேகத்தை 7 ஆகக் குறைத்தால் தேவை 80 வாட்டுக்கு இறங்கிவிடும். ஓரளவு நடமாட்டம் உள்ள யாராலும் அதைப் பழகிக்கொள்ள முடியும். வேகமானியை ஏற்றத்தில் பார்க்காதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். ஏழு எட்டு என்று காட்டும் எண் மனசைக் கெடுக்கும், வேறு பயன் இல்லை.

எடை பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஏற்றத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரும் என்பது உண்மைதான். ஆனால் மேலே சொன்னவருக்கு மொத்தம் 72 கிலோ. ஒரு கிலோ குறைந்தால் கிடைக்கும் லாபம் ஒன்றரை சதவீதத்தைத் தொடாது. அந்த ஒரு கிலோவுக்காகப் பல ஆயிரம் கூடுதலாகக் கொடுத்துக் கார்பன் சைக்கிள் வாங்குவது தொடக்கநிலைக்காரருக்குத் தேவையில்லாத செலவு என்பது என் கருத்து. இடுப்புச் சுற்றளவில் குறையும் கிலோ இலவசம். எடைக்குப் பயந்து தண்ணீர் பாட்டிலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

பணம் போட வேண்டிய இடம் கியர். சரியாகச் சொன்னால், பின்சக்கரத்தில் இருக்கும் பெரிய பல்சக்கரம்.

நம் வீட்டுப் பழைய சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு முறை சுற்றும்போது பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். சைக்கிள் ஐந்தரை மீட்டர் நகரும். சமதளத்தில் இது அருமையான கணக்கு. நெல் மூட்டையும் தண்ணீர்க் குடமும் இதில்தான் ஓடின. ஆனால் ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போக, பெடல் நிமிடத்துக்கு 25 முறை மட்டுமே சுற்றும். ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு எடை முழுவதையும் பெடல்மேல் போட வேண்டியிருக்கும். மூட்டு கெடுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

இப்போது கியர் சைக்கிள். முன்னால் 34 பல், பின்னாலும் 34 பல் இருந்தால் பெடல் ஒரு சுற்று சுற்ற, சக்கரமும் ஒரே சுற்று. சைக்கிள் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். அதே 8 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 60-க்கு மேல் மிதிக்கலாம். ஏறும் உயரம் அதேதான், செய்யும் மொத்த வேலையும் அதேதான். ஒவ்வொரு மிதியிலும் கட்டும் தவணை மட்டும் பாதிக்கும் கீழே போய்விட்டது. கியர் உங்களுக்குப் புதிதாக வலு எதையும் தருவதில்லை. இருக்கிற வலுவைச் சில்லறையாக மாற்றித் தருகிறது, அவ்வளவுதான்.

கடையில் வாங்கும்போது 'எத்தனை கியர்' என்று கேட்பதுதான் வழக்கம். 21 கியர், 24 கியர் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஏற்றத்துக்கு அந்த எண்ணால் பயன் இல்லை. முன்னால் உள்ளதில் மிகச் சிறியது எத்தனை பல், பின்னால் உள்ளதில் மிகப் பெரியது எத்தனை பல் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பின்பல் முன்பல்லுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உகந்த வண்டி. ரோடு பைக்கில் முன்னால் 50-34 என்ற ஜோடி இருந்து பின்னால் பெரியது 28 என்றால், தொடக்கத்தில் சிரமப்படுவீர்கள். பெரியது 32 அல்லது 34 பல் உள்ள கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) அதில் பொருந்துமா என்று மெக்கானிக்கிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். ஹைப்ரிட், எம்டிபி (மலைச் சைக்கிள்) வண்டிகளில் முன்னால் 28 பல்லோ அதற்கும் குறைவாகவோ உள்ள பல்சக்கரம் இருப்பது வழக்கம் என்பதால் அவற்றில் இந்தக் கவலை இல்லை.

கியர் மாற்றும் நேரம் முக்கியம். ஏற்றத்துக்குள் போய், பெடல் நின்றுவிடும் நிலைக்கு வந்த பிறகு மாற்றினால் செயின் கரகரவென்று முரண்டு பிடிக்கும், சில நேரம் கழன்றும் போகும். சரிவு கண்ணில் பட்டதுமே, கால் இன்னும் லேசாக இருக்கும்போதே, இறக்கிவிடுங்கள். மாற்றும் அந்த ஒரு நொடி பெடலை அழுத்தாமல் சும்மா சுற்றினால் போதும்.

எவ்வளவு வேகமாக மிதிப்பது? சமதளத்தில் நிமிடத்துக்கு 80, 90 சுற்று என்பது பழகியவர்களின் கணக்கு. ஏற்றத்தில் 60-லிருந்து 75 வரை வந்தால் தொடக்கத்துக்கு நல்லது. எண்ணுவதற்குக் கருவி வேண்டியதில்லை. வலது முழங்கால் மேலே வருவதைப் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஐம்பதுக்குக் கீழே போனால் கியரை இறக்குங்கள். இறக்க இன்னொரு கியர் இல்லையென்றால், அந்தச் சாலை உங்கள் வண்டிக்குக் கொஞ்சம் அதிகம்.

சீட் உயரம் பற்றி ஒரு வார்த்தை. உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்ற வேண்டும் என்று நம்மில் பலர் சீட்டை மிகவும் தாழ்த்தி வைக்கிறோம். தெருவுக்குள் ஓட்ட அது சரி. மலையில் அப்படி மிதித்தால் மடங்கிய முழங்காலிலேயே மொத்தப் பாரமும் இறங்கும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரம்தான் தொடக்கத்துக்குச் சரி. நிறுத்தும்போது சீட்டைவிட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொண்டால் போதும். எழுந்து நின்று மிதிப்பது செங்குத்தான சின்னத் துண்டுகளுக்கும், இடுப்பை ஆற்றிக்கொள்வதற்கும் உதவும். அதையே தொடர்ந்து செய்தால் இதயத்துடிப்பு வேகமாக ஏறிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே மூச்சு. தசைக்கு வேண்டிய ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வரைக்கும் உடம்பு மணிக்கணக்கில் உழைக்கும். அந்த எல்லையைத் தாண்டினால், ஆக்சிஜன் போதாமல் உடம்பு சர்க்கரையை அவசரமாக எரிக்கிறது. தொடை எரிகிறது, மூச்சு இரைக்கிறது. சில நிமிடங்களுக்குமேல் அது தாக்குப்பிடிக்காது. அடிவாரத்தில் வேகம் எடுத்தவர் முந்நூறு மீட்டரில் நின்றுபோனது இந்த எல்லையைத் தாண்டியதால்தான். எல்லை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி பேச்சு. கூட வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திக்காமல் சொல்ல முடிந்தால் எல்லைக்குள் இருக்கிறீர்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் விளிம்பு. தலையாட்டல் மட்டும்தான் வருகிறது என்றால் தாண்டிவிட்டீர்கள், உடனே குறையுங்கள். தனியாகப் போகிறவர்கள் பாட்டை முணுமுணுத்துப் பார்க்கலாம். சாலையில் யாரும் கேட்கப் போவதில்லை. ஏற்றத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கை 'இவ்வளவு மெதுவாகவா?' என்று தோன்றும்படி ஏறுங்கள். கடைசியில் மிச்சம் இருந்தால் அங்கே செலவழித்துக்கொள்ளலாம். நாற்பதைத் தாண்டியவர்கள், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இதயச் சிக்கலோ உள்ளவர்கள், மலைக்குப் போகுமுன் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் வந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டியதுதான்.

சரி, காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று கிழக்கே பாய்கிறது. இந்தச் சீமையில் பணகுடி, ராதாபுரம் பக்கமும் கயத்தாறு, சுரண்டைப் பக்கமும் காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போவது, சமதளத்திலேயே இரண்டரை சதவீத ஏற்றம் ஏறுவதற்குச் சமம். அதனால் மலையே இல்லாத நாளிலும் மலைப் பயிற்சி செய்யலாம்: ஆடிக் காற்றில் மேற்கே போங்கள், சின்ன கியரில் நிதானமாக மிதியுங்கள். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். மாற்றிச் செய்தால் தொல்லை. முதலில் கிழக்கே பறந்துவிட்டு, களைத்த பிறகு காற்றை எதிர்த்து வீடு திரும்ப வேண்டியிருக்கும்.

எங்கே பழகுவது? முதலில் மேம்பாலம். நெல்லை சந்திப்பு ஈரடுக்கு மேம்பாலத்தில் விடிவதற்கு முன் நாலைந்து முறை ஏறி இறங்கினாலே கியர் மாற்றப் பழகிவிடும். போக்குவரத்து தொடங்கிய பிறகு அங்கே போக வேண்டாம். அடுத்து அம்பாசமுத்திரத்திலிருந்து விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம் வரை. மலையை நோக்கிப் போகும் சாலை, மெல்ல மெல்ல ஏறும். பாபநாசம் சோதனைச் சாவடிக்கு மேலே களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறையின் நேரக் கட்டுப்பாடும் அனுமதியும் அங்கே உண்டு. சைக்கிளுக்கு என்ன விதி என்று கேட்காமல் மேலே போகத் திட்டமிடாதீர்கள். மாஞ்சோலைக்கும் இதேதான். படத்தில் பார்த்துவிட்டு எல்லோரும் ஆசைப்படுகிற இடம் அது, ஆனால் தொடக்கநிலைக்காரருக்கு உரிய ஏற்றம் அல்ல.

தென்காசிக்காரர்களுக்குக் குற்றாலம், ஐந்தருவி வட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நீளமில்லாத, நிழலுள்ள ஏற்ற இறக்கங்கள். சீசனில் சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம். கூட்டத்தில் உருட்டத்தான் முடியும். நிஜமான முதல் மலை வேண்டுமென்றால் செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரள எல்லையிலுள்ள கோட்டைவாசல் வரை ஏறும் தேசிய நெடுஞ்சாலை. புளியரை எஸ் வளைவில் தொடங்கி எல்லை வரை சின்ன ஏற்றம்தான், ஆரியங்காவுக் கணவாய் (முன்பு சொன்ன செங்கோட்டைக் கணவாய்தான்) மேற்குத் தொடர்ச்சி மலையில் தாழ்ந்த இடங்களில் ஒன்று. பிரச்சினை சரிவு அல்ல, லாரி. ஞாயிறு அதிகாலை, பளிச்சென்ற சட்டை, பின்னால் சிவப்பு விளக்கு ஆகிய மூன்றும் இல்லாமல் அங்கே போகாதீர்கள். செங்குத்து எப்படி இருக்கும் என்று ருசி பார்க்க, பண்பொழி திருமலைக் குமாரசுவாமி கோயில் மலையில் வண்டி ஏறும் பாதை இருக்கிறது. குறுகிய தூரத்தில் சட்டென்று உயரும். அதை முதல் மாதத்தில் தொடாமல் இருப்பது நல்லது.

வாரத்துக்கு மூன்று நாள் போதும். அதில் ஒன்று மட்டும் ஏற்றமாக இருக்கட்டும், மற்ற இரண்டும் சமதளத்தில் பேசிக்கொண்டே ஓட்டும் நாட்கள். ஏற்றத்துக்கு அடுத்த நாள் ஓய்வு.

சாப்பாட்டுக் கணக்கு பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். சைக்கிளோடு சேர்த்து 72 கிலோ வரும் நம்மவர் 300 மீட்டர் உயரம் ஏறினால், அந்த ஏற்றத்துக்கு மட்டும் ஏறத்தாழ 210 கலோரி செலவாகும். நாலைந்து இட்லி. எல்லையிலிருந்து இறங்கி வந்து பார்டர் பரோட்டா இரண்டைச் சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிட்டால் அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எடை குறையவில்லையே என்று சைக்கிளைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குமேல் ஓட்டினால் வழியில் சாப்பிடத்தான் வேண்டும். வாழைப்பழமும் கோவில்பட்டி கடலைமிட்டாயும் பையில் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. வெயில் காலத்தில் ஏழரை மணிக்குள் திரும்பிவிடுவது போலக் கிளம்புங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருக்காமல், உப்புப் போட்ட மோரும் நடுவில் குடியுங்கள். வியர்வையில் போவது தண்ணீர் மட்டும் இல்லையே.

இறக்கத்துக்கு வருவோம். ஏறும்போது களைப்புதான் தொல்லை, ஆபத்து இறங்கும்போதுதான். வேகத்தை வளைவுக்குள் போகுமுன் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக்கைக் கெட்டியாகப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். முன் பிரேக்கில்தான் நிறுத்தும் வலு அதிகம். அதைப் பயந்து தொடாமல் இருப்பதும் தவறு, ஒரேயடியாக அமுக்குவதும் தவறு. இரண்டையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடியுங்கள். இறக்கம் முழுக்கப் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகும். சாரலில் நனைந்த ரிம்மில், பிரேக் பிடித்த பிறகும் முதல் சில சுற்றுக்கு ஒன்றும் நடக்காது, ரப்பர் தண்ணீரைத் துடைத்து முடித்த பிறகுதான் பிடிக்கும். அதனால் மழை நாளில் வழக்கத்தைவிட முன்னாலேயே தொடங்க வேண்டும். கையுறை, தலைக்கவசம் இரண்டும் இறக்கத்துக்காகத்தான். ஏறும்போது சூடாக இருந்தால் தலைக்கவசத்தின் தாடைப்பட்டையைத் தளர்த்திக்கொள்ளுங்கள், மேலே போய்ச் சேர்ந்ததும் இறுக்கிவிடுங்கள். குறுகிய மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது சாலை விதி. கீழிருந்து பேருந்து வளைவுக்கு வருவது தெரிந்தால், மேலேயே இடப்பக்கம் ஒதுங்கி ஒரு காலை ஊன்றி நில்லுங்கள். ஓட்டுநர் வளைவை ஒடித்து முடிக்கும்போது பேருந்தின் பின்பகுதி சாலையின் மறுபாதி வரை வரும்.